ஐஸ் கம்பெனிக்கு வந்த பழைய சர்வர்

கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையில் பாதி நேரம், கறுப்புத் திரையில் ஒரு கோடு கண்சிமிட்டுவதைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவரிடம் "இதோ வந்துரும்" என்று சொல்வதிலேயே போய்விடும். இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் இன்று காலை யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள்.

என் கடை புதுக்கோட்டையில். போன மீன்பிடித் தடைக்காலத்தில் ஜெகதாப்பட்டினத்து ஐஸ் கம்பெனி ஒன்றுக்குப் போனேன். அங்கே டோக்கன் கவுண்டரில் இருப்பவர் மீனாட்சியக்கா. தடை முடிந்து போட்டுகள் கடலுக்குக் கிளம்பும்போது ஐஸுக்கு முண்டியடிப்பார்கள். யார் முந்தி வந்தது என்பதை முதலாளி ஞாபகத்திலிருந்து சொல்வார். திட்டு மட்டும் அக்காவுக்கு விழும். கவுண்டரிலும் ஐஸ் அரைக்கும் இடத்திலும் ஒரே வரிசை திரையில் தெரிந்தால் இந்த வம்பு தீரும் என்று, திருச்சியில் கொழுந்தனாருடைய ஆபீஸில் கழித்துப்போட்ட சர்வரை அக்கா கேட்டு வாங்கி வந்திருந்தார். அது மாதக்கணக்கில் சும்மா கிடந்தது. முதலாளி என் முன்னாலேயே கெடு வைத்தார்: "தடை முடியிற அன்னைக்கு இது ஓடலைன்னா பழைய இரும்புக் கடைக்குப் போயிரும், மீனாட்சி."

சந்தனம்

சர்வரில் அதை இயக்கும் ஓ.எஸ்ஸைப் புதுசாக ஏற்ற வேண்டும். பென்டிரைவைச் சொருகினால் பாதிக்கு மேல் போகவில்லை. அப்படியே ஆன் செய்து பார்த்தேன். எதிலிருந்து கிளம்பலாம் என்று மெஷின் காட்டிய பட்டியலில் பென்டிரைவே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், முன்பக்கத்து யுஎஸ்பி ஓட்டைகளைக் கெட்டியாக எதுவோ அடைத்திருந்தது. குச்சியால் சுரண்டினேன். சந்தனம், அதன்மேல் குங்குமம்! ஆயுத பூஜைக்குக் கம்ப்ரசருக்கு வைத்த கையோடு இதற்கும் வைத்திருக்கிறார்கள்.

பின்பக்கத்தில் சொருகிக்கொண்டு, யார் வைத்தது என்று கேட்டேன். முதலாளிக்குப் பெருமைதான். "நான்தான் வச்சேன். வெளிய வச்சா வழுக்கிக்கிட்டு வருது, நிக்க மாட்டேங்குது. அதான் பள்ளமா இருக்க எடமாப் பாத்து அப்பிவிட்டேன் தம்பி."

சொன்ன விதம்

இப்போது பென்டிரைவ் பட்டியலில் வந்தது, ஆனால் அதிலிருந்து மெஷின் கிளம்ப மறுத்தது. நான் கொண்டுபோனது இன்றைய மெஷின்களுக்கான முறையில் எழுதியது. இந்தக் கிழட்டு மெஷினுக்கு அதன் காலத்து முறைதான் தெரியும். லேப்டாப்பைத் திறந்து, அதே ஓ.எஸ்ஸைப் பென்டிரைவில் பழைய முறையில் எழுத ஆரம்பித்தேன்.

முதலாளி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்ன நடக்கிறது என்று விசாரித்தார். சொல்ல வந்த சேதி அதேதான், சொல்லும் விதத்தை மாற்றுகிறேன் என்றேன். அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "எங்க வீட்லயும் இதே கதைதாங்க தம்பி."

மெயின் சுவிட்ச்

சாயங்காலத்துக்குள் எல்லாம் ஏறி, சோதனை டோக்கனும் அச்சாகி வந்தது. அக்கா அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். நானும் நிம்மதியாக ஊர் திரும்பினேன். மறுநாள் காலையிலேயே போன்: மெஷின் எழவில்லை. போய்ப் பார்த்தால், டிஸ்க்கை விட்டுவிட்டு நெட்வொர்க்கில் ஓ.எஸ்ஸைத் தேடிக்கொண்டிருந்தது. கடிகாரமும் ஏதோ பழைய வருஷத்தைக் காட்டியது. உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி செத்திருந்தது. கரண்ட் மொத்தமாக நின்றால் மெஷினுக்குத் தன் செட்டிங் எல்லாமே மறந்துபோகும். பக்கத்து ஊரான மீமிசலில் ஒரு வாட்ச் கடையில் புது பேட்டரி வாங்கி மாட்டி, டிஸ்க்கிலிருந்தே எழும்படி திருத்தினேன்.

சரி, கரண்ட் ஏன் நின்றது? முதலாளி வீட்டுக்குப் போகும்போது ஆபீஸ் மெயினை அணைப்பது வழக்கமாம். சர்வரை அணைக்கக் கூடாது என்று சொல்லிப் பார்த்தேன். "ஆளில்லாத ரூம்ல அது மட்டும் முழிச்சிருந்து என்னங்க பண்ணப்போகுது?" என்றார்.

கல்லாவில் கீபோர்டு

அவரோடு மல்லுக்கட்ட முடியாமல், அணைத்தாலும் மறுபடி கரண்ட் வந்ததும் தானாக எழுகிற மாதிரி செய்துவைத்தேன். இனி கீபோர்டுகூடத் தேவையில்லை, சுவிட்சைப் போட்டால் போதும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

தடை முடிந்த அன்று காலையில் போன். பின்னால் ஒரே இரைச்சல். "எந்திரிக்கலையே தம்பி, எல்லாரும் வந்து நிக்கிறாங்களே" என்ற அக்காவின் குரல் உடைந்திருந்தது. இரும்புக் கடைக்காரனுக்குச் சொல்லியனுப்பட்டுமா என்று முதலாளி கேட்பதும் காதில் விழுந்தது. திரையில் இருப்பதை வாசிக்கச் சொன்னேன்.

"கீபோர்டு இல்லைங்குது. எஃப் ஒன்னை அமுக்குங்குது."

"கீபோர்டு எங்கக்கா?"

"நீங்கதானே தேவையில்லைன்னீங்க? கண்டவங்க கை வைப்பாங்கன்னு கல்லாவுல வச்சுப் பூட்டிட்டேன்."

பேட்டரியை மாற்றியதில், கீபோர்டு இருந்தால்தான் எழுவேன் என்ற பழைய பிடிவாதத்துக்கு மெஷின் திரும்பியிருக்கிறது. எடுத்து மாட்டி அமுக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு டோக்கன் அச்சாகும் கிறீச் சத்தம், அதன் பின்னால் இன்னொன்று. அந்தச் சத்தம் இவ்வளவு இனிமையானது என்று அதுவரை எனக்குத் தெரியாது. "இல்லைன்னு சொல்லிட்டு அதையே அமுக்கச் சொல்லுதே, இது எங்க முதலாளிக்குத் தோதான மெஷினுதான் தம்பி" என்று அக்கா சிரித்தார்.

மச்சான் போட்டு

அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். கவுண்டரில் கூட்டம் இருந்தது, கூச்சல் இல்லை. அக்கா டீ குடித்துக்கொண்டே டோக்கன் கிழித்துக் கொடுத்தார். கீபோர்டு இன்னமும் கல்லாவுக்குள் பூட்டித்தான் இருந்தது. வயர் மட்டும் இடுக்கு வழியாக வெளியே வந்து சர்வரில் மாட்டியிருந்தது. அப்படியே இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

வழக்கம்போல முதல் ஐஸ் தன் போட்டுக்குத்தான் என்று முதலாளியின் மச்சான் நேராக அவரிடம் வந்தார். முதலாளி திரையைக் காட்டிக் கையை விரித்தார். "நான் என்ன மச்சான் செய்யிறது, மெஷினு சொல்லுது. போயி மீனாட்சிகிட்ட டோக்கன் வாங்குங்க."

மெஷின் என் வழிக்கு வந்ததோ இல்லையோ, நான் அந்த ஐஸ் கம்பெனியின் வழிக்கு வந்துவிட்டேன்.