அந்த அக்கா பாக்கற செருப்பு

அன்று ஆம்பூர் ஃப்ளெக்ஸ் கடையில் இருந்தவர்கள் நான், என் மனைவி, கம்ப்யூட்டரில் டிசைன் போடும் பெண், கடைக்காரர் பாய். வேறு யாரும் இல்லை.

ஷூ கம்பெனி வேலையை விட்டுவிட்டு, மனைவியின் நகையை அடகு வைத்து, பேரணாம்பட்டு பஸ் போகிற சாலையில் செருப்புக் கடை திறந்திருந்தோம். அவள் தைப்பாள், நான் விற்பேன். எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். கடை ஓடாவிட்டால் நகை போய்விடுமே என்று தூக்கம் வராது. ஜனங்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று என் பாஸ்போர்ட் போட்டோவையே முதல் பேனர் நடுவில் பெரிதாகப் போடச் சொல்லியிருந்தேன் இதே பெண்ணிடம். சுற்றிலும் பூ.

பேனர் கட்டிய மறுநாள் வழியில் போன பெரியவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, என் மனைவியிடம் தணிந்த குரலில் கேட்டார்: "எப்போமா எடுக்கறீங்க?"

கல்லாவுக்குக் கீழே குனிந்திருந்த நான் எழுந்து நின்றேன். மனிதர் வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டார். செருப்பு வாங்க ஒருவரும் வரவில்லை.

அன்று ஃப்ளெக்ஸ் கடைக்குத் திரும்பப் போய் இதைச் சொன்னதும் டிசைன் பெண்ணுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அப்பவே சொன்னேன்ல அண்ணா! ஒரே மொகம், நேரா மொறச்சினு இருந்தா நம்ம ஊர்ல அது கண்ணீர் அஞ்சலிதான்."

"வெளக்கு ஒண்ணுதான் கம்மி" என்றாள் என் மனைவி.

அந்தப் பெண் நாங்கள் கொண்டுபோன செருப்பு ஒன்றை மனைவி கையில் கொடுத்து போனை எடுத்தாள். "அக்கா, என்னப் பாக்காதீங்க. அதப் பாருங்க."

மனைவி தான் போட்ட தையலைத் தடவிப் பார்த்தாள். சரியாக இருந்தது போலும், உதட்டில் சிரிப்பு வந்தது. அந்த நொடியில் டிசைன் பெண் படம் எடுத்தாள். கம்ப்யூட்டரில் போட்ட புது பேனரில் மனைவி முகம் மேலே ஓர் ஓரம். பார்வை போய் விழுகிற இடத்தில் செருப்பு. அதற்குக் கீழே கடை பெயர்.

நான் குறுக்கிட்டேன். "காசு குடுத்து மூஞ்ச திருப்பி வெக்கறதா? யாரும்மா பாப்பாங்க?"

அவள் கடைக்காரரைக் கூப்பிட்டாள். "பாய், இங்க வாங்க. இது எப்படி இருக்கு?"

பாய் எட்டிப் பார்த்தார். "தங்கச்சி நல்லா சிரிக்குது…" கண் தானாகக் கீழே இறங்கியது. "செருப்பு இன்னா வெல?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. கையால் தொடாமல், வாயால் சொல்லாமல், ஒருவர் கண்ணைப் பிடித்து நடத்திப்போகிறாளே இந்தப் பெண்!

புது பேனரைக் கட்டிவிட்டு, வேகத்தடையில் பஸ் மெதுவாகும்போதெல்லாம் நான் கடை வாசலில் நின்று ஜன்னலோரம் இருப்பவர்களின் கண்களைப் பார்ப்பேன். முதலில் மனைவி முகம், பிறகு செருப்பு, பிறகு கடை. பாய் கண் போன அதே வழி. நாலாம் நாள் ஒரு பெண் இறங்கி வந்து கேட்டாள்: "அந்த அக்கா பாக்கறாங்களே, அந்த செருப்பு இருக்கா?"

போகப் போக வியாபாரம் பிடித்து, அடகு வைத்த நகை திரும்பி வந்துவிட்டது. டிசைன் கூலியைத்தான் "வியாபாரம் ஆகட்டும் அண்ணா" என்று அவள் வாங்கவே இல்லை. அந்த அறுநூறு ரூபாய் இன்னும் பாக்கி.