ஆடு மேயாத தும்பை

நாலு வருஷத்துக்கு முந்தி, ஓணத்துக்கு முதல் நாள், கேரள எல்லையில இருக்கற வாளையார்ல நடந்துச்சு இது. நான் டயருக்குப் பஞ்சர் ஒட்டறவன். பொள்ளாச்சிப் பக்கம் பொறந்து, பொழப்புக்காக ஹைவே ஓரமா ஒரு கடையைப் போட்டு, அதுக்குப் பின்னாடியே வாடகை ஊட்டுல சம்சாரத்தோட குடியிருந்தேன். பக்கத்து ஊட்டுல ஒரு மலையாளச் சேச்சி. புருஷன் தவறிப்போய் தனியா இருந்தாங்க.

அந்த ஆவணியில என் சம்சாரம் காய்ச்சல்ல விழுந்து பத்து நாள் படுத்துட்டா. காய்ச்சல் விட்டுருச்சு, ஆனா நாக்குச் செத்துப்போச்சு. கஞ்சி குடுத்தாலும் வாந்தி, எளநீர் குடுத்தாலும் வாந்தி. இப்படியே போனா மறுபடி ஆஸ்பத்திரியில சேர்த்துப் பாட்டில் ஏத்தணும்னு டாக்டர் சொல்லிட்டார். கையைப் புடிச்சா வெறும் எலும்பு. எனக்கு வெசனம் புடிச்சு, எந்த வண்டிக்கு எந்த டியூப்னு கூடத் தெரியாம உக்காந்திருந்தேன். அத்தனை நாளும் காலையில ஒரு போசிக் கஞ்சியோட வந்து எட்டிப் பார்த்தது சேச்சி ஒருத்தர்தான்.

அன்னைக்கு விடியக்காலம் அவ கண்ணை மூடிக்கிட்டே, தும்பைப்பூத் தொவையல் இருந்தா ரெண்டு வாய் திம்பேன்னு முனகினா. பத்து நாள்ல அவ வாயைத் தொறந்து கேட்டது அது ஒண்ணுதான். சொக்கத்தங்கத்தைக் கேட்டிருந்தாக்கூட எங்கியாவது போய்ப் பொரட்டியிருப்பேன், தும்பைக்கு என்னங்க பஞ்சம்? ஊட்டுக்குப் பின்னாடி, பொடக்காளிக்கு அந்தப்பக்கம், ரயில் பாதை வரைக்கும் பொறம்போக்குக் கெடக்கு. அதுல ஒரு திட்டு மட்டும் வெள்ளையாப் பூத்திருந்ததை நான் பார்த்து வச்சிருந்தேன். ஒரு டம்ளரை எடுத்துக்கிட்டுக் கெளம்பினேன்.

அந்த ஒரு மணி நேரத்தை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மலையை மேகம் மூடியிருந்துச்சு. சாரலும் இல்ல, பனியும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல ஏதோ ஒண்ணு முகத்துல பட்டுக்கிட்டே இருந்துச்சு. ஓயாத லாரிச் சத்தம் அன்னைக்குக் கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி மெதுவாக் கேட்டுச்சு. தும்பையைக் கொத்தோட பறிக்கக் கூடாதுங்க. பச்சைக் கொத்துக்குள்ள இருந்து வெள்ளையை மட்டும் நகத்தால உருவணும். ஒவ்வொண்ணும் அரிசி மணியளவுதான், உருவ உருவ டம்ளர் நெறையற மாதிரியே தெரியாது. ஒரு பூவோட அடியை உறிஞ்சிப் பார்த்தேன், ஒரு துளி இனிப்பு. தேனீகூட இன்னும் எந்திரிக்கல. சீக்கு, கடை, வாடகை எல்லாம் மறந்துபோய், எந்தப் பக்கம் கேரளா, எந்தப் பக்கம் தமிழ்நாடுன்னே தெரியாம மெதந்துக்கிட்டிருந்தேன். டம்ளர் நெறஞ்சு நிமிர்ந்தப்பதான், திட்டுல ஒரு வெள்ளைகூட மிச்சமில்லைன்னு பார்த்தேன்.

நல்லெண்ணெயில உளுந்து, வரமொளகா, நாலு சின்ன வெங்காயம், துளி புளி எல்லாம் வதக்கி, கடைசியாப் பூவைப் போட்டு ஒரு பெரட்டு பெரட்டினேன். ஒரு டம்ளர் பூ, சட்டியில ஒரு பிடிக்கும் கம்மியாச் சுருங்கிருச்சு. அம்மியில அரச்சு, சுடுசோத்துல பெசஞ்சு ஊட்டினேன். ஏழு வாய் தின்னா. வாந்தி புடிக்கப் பக்கத்துலயே பேசினை வச்சுக்கிட்டுக் காத்திருந்தேன், அதுக்கு வேலையே வரல. அப்படியே தூங்கிட்டா. எனக்கு அழுகை வந்துருச்சு, மறைக்கறதுக்கென்ன.

ஒம்பது மணி இருக்கும். சேச்சி பொடக்காளி வழியா வந்து நின்னாங்க. கையில ஒரு வாழையிலை, வெறுமனே. பின்னாடி தும்பைப்பூ முழுக்கக் காணோமே, பார்த்தீங்களான்னு கேட்டாங்க. நூறு நாள் வேலைக்காரங்க களை வெட்ட வந்தப்ப, அந்தத் திட்டை மட்டும் விட்டுருங்கன்னு கெஞ்சி நிறுத்தி வச்சதே அவங்கதானாம். ஓணத்தன்னைக்கு மண்ணுல ஓணத்தப்பனைப் புடிச்சு வச்சுக் கும்புடுவாங்க, அதுக்குத் தும்பைதான் விசேஷம். வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் எங்கிருந்தாவது கொண்டாந்துருவாராம். போன வருஷம் துக்கம்னு ஓண நோம்பியே கும்புடல. இது அவரில்லாமக் கும்புடற மொத ஓணம். என் கடை முன்னாடி செண்டுமல்லி வேன் வேனாப் போய்க்கிட்டிருக்கு, காசைக் குடுத்தா மூட்டையாவே வாங்கலாம். தும்பையை எந்தச் சந்தையில போய் வாங்கறது?

தெரியாமப் பறிச்சதைத் தெரியாமப் பறிச்சேன்னு சொல்லியிருக்கலாம். வாய் முந்திக்கிச்சு.

“ஆடு கீடு மேஞ்சிருக்கும்ங்க சேச்சி.”

பத்து நாள் கஞ்சி சுமந்த கைக்கு நான் செஞ்ச மரியாதை அது.

சொல்லி வாய் மூடல, பேச்சுச் சத்தம் கேட்டு என் சம்சாரம் செவுத்தைப் புடிச்சுக்கிட்டு வெளிய வந்துட்டா. முகத்துல ஒரு தெளிச்சி. இவர் விடிய முன்னாடியே போய்த் தும்பைப்பூப் பறிச்சுக்கிட்டு வந்து தொவையல் அரச்சுக் குடுத்தாருங்கன்னு, பாவம், பெருமையாச் சொல்றா. எனக்கு நெலம் பொளந்து உள்ள போயிரலாம் போல இருந்துச்சு.

சேச்சி என்னை ஒரு தடவை பார்த்தாங்க. அப்புறம் நேரா அவகிட்டப் போய் நெத்தியில கை வச்சுக் கேட்டாங்க.

“வயித்துல நின்னுச்சோ மோளே?”

நின்னுச்சுங்கன்னு இவ தலையாட்டினா. சேச்சி வாழையிலையை மடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க.

அன்னைக்குப் பூரா எனக்குக் கையில வேலை ஓடல. தும்பைக் கொத்துல எல்லா மொட்டும் ஒரே நாள்ல விரியாதுன்னு மட்டும் தெரியும். மறுநாள் மசமசன்னு வெளிச்சம் வர்றதுக்குள்ள போய்ச் செடி செடியாத் தேடினேன். உள்ளங்கைக் குழி நெறையற அளவு கெடைச்சுது. சேச்சி வாசல்ல ஓணத்தப்பன் மேல அரிசி மாவு ஊத்திக்கிட்டிருந்தாங்க.

“நேத்து ஆடு மேயலீங்க சேச்சி. நாந்தான்.”

“அறியாம், எனக்குத் தெரியும். ஆடு எலையை விட்டுட்டுப் பூவை மட்டும் திங்குமோ?”

நிமிர்ந்து பார்க்காமலே சிரிச்சாங்க. பூவை வாங்கிப் பாதியை ஓணத்தப்பன் தலையில வச்சாங்க. மீதியை அடை மாவுல தூவி இலையில மடிச்சாங்க. அந்தப் பூ அங்கயும் அடுப்புக்குத்தான் போகும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். வெந்ததும் மொத அடை என் சம்சாரத்துக்கு வந்துச்சு.

நான் பொய் சொல்லும்போதே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. காத்துக் காத்து வச்சிருந்த பூ போயிருச்சுன்னும் தெரிஞ்சிருக்கு. அப்படியும் அவங்க வாயில வந்தது என் சம்சாரத்தோட வயித்தைப் பத்தின கேள்வி. கடையில ஒரு ஸ்பேனர் காணாமப் போனாலும் எவன்டா எடுத்ததுன்னுதான் எனக்கு மொதல்ல வருது. அவங்களை மாதிரிக் கேக்க நாலு வருஷமாப் பழகறேன், இன்னும் வரமாட்டேங்குது.