பொய்ப் பெயரில் எழுதியது

அன்று படகில் இருந்தவர்கள்: முன்னால் சித்தப்பா, நடுவில் பக்கத்து வீட்டு அண்ணன், பின்னால் இன்ஜின் பிடித்து நான். நான்காவது ஆள் என் மச்சினன், மனைவியின் தம்பி. அவன் வரவில்லை. ஒன்பது நாளாக வரவில்லை.

அவனுக்குப் பேச்சு திக்கும். படகில் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. சொல்லி முடிக்கும்வரை இருப்போம். பழவேற்காடு ஏரி மீனையும் நண்டையும் காட்டி செல்போனில் வீடியோ போடுவான். நிறையப் பேர் பார்த்தார்கள். ஒருநாள் அதன் கீழே பொய்ப் பெயரில் ஒருவன், 'வாயில வலை சிக்கிக்கிச்சா?' என்று எழுதினான். முப்பது பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அதே ஆள் இன்னும் இரண்டு எழுதினான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மச்சினன் வீடியோவை நிறுத்தினான், பிறகு பேச்சையே நிறுத்தினான். அவனைப் பார்த்துவிட்டு வந்த என் மனைவி, "சோறு வேணும்னாகூட கைய காட்டுறான்" என்றாள்.

எழுதியவன் நான்தான். முதலில் எழுதிய அன்றைக்கு வலை வெறுமையாக வந்தது. கடைத்தெருவில் ஒருவர் என்னை, "வீடியோக்காரன் மாமாவா நீ?" என்று கேட்டார். அது பொறுக்கவில்லை. நேரில் அவனை ஒரு சொல் சொன்னதில்லை. செல்போனில் அவன் முகம் வாடுவது தெரியாது, சிரிப்பவர்கள்தான் தெரிவார்கள். அந்த முப்பது பேர் சும்மா இருந்திருந்தால் அடுத்ததை எழுதியிருக்க மாட்டேன்.

அந்த ஒன்பதாம் நாள் கரைக்கு வந்ததும் அவன் வீட்டுக்குப் போனேன். கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தவன் செல்போனை எடுத்துக் காட்டினான். பொய்ப் பெயருக்குப் பக்கத்தில் நான் வைத்த படம், ஒரு படகின் முன்பக்கம். பேரும் முகமும் இல்லாவிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் தூரத்தில் வரும் ஆளைப் படகை வைத்துத்தான் அடையாளம் சொல்வோம்.

"ந... நம்ம படகுதானே மாமா?"

முதல் நாளே தெரியுமாம். அக்காவிடம் சொல்லவில்லை. ஆமாம் என்றேன்.

"எ... எழுதுனத என் மூஞ்ச பாத்து ஒரு தபா சொல்லு."

நான் என் செல்போனை எடுத்தேன்.

அங்கேயே உட்கார்ந்து, எழுதியது நான்தான் என்று என் சொந்தப் பெயரில் அந்த வீடியோவின் கீழே எழுதினேன். எனக்கு எழுத நேரமாகும். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பழையதை அழித்தேன். பொழுது சாய்வதற்குள் பக்கத்துத் தோணிரேவு ஊர் ஆட்கள் மூன்று பேர் அவர்கள் எழுதியதையும் அழித்தார்கள். ஒருவன் மச்சினனைப் பார்க்க நேரிலேயே வந்தான். என்னைச் சில நாள் ஊரில், "இன்னாபா, இன்னிக்கு எந்தப் பேரு?" என்று ஓட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

மன்னித்ததாக மச்சினன் சொல்லவில்லை. மூன்றாம் நாள் படகுக்கு வந்தான். வலையில் ஏறிய நண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, செல்போனை என்னிடம் நீட்டினான். வாங்கி வீடியோ பிடித்தேன். திக்கிய இடத்தில் நின்றான், திரும்ப ஆரம்பித்தான், முடித்தான். எதையும் வெட்டாமல் போட்டான். அந்த நண்டைப் பற்றி நான் சொன்னால் ஒரு நிமிடம் ஆகும். அவன் பேசியது நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி.