பஸ் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று

தணிகாசலத்தைப் போல ஒழுங்கான ஆளை நான் பார்த்ததில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அவன் குடிகாரனாக இருந்திருந்தால், "தன் வினை தன்னைச் சுடும்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

வடக்குப்பட்டுக்காரன். முப்பத்தாறு வயதில் இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தன. மனைவி பாஞ்சாலி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். கூடாது என்று அவள் அண்ணன்கள் வீட்டு வாசலில் வந்து கத்தினார்கள். "என் உடம்பு, நான் குடுக்கறேன், உங்களுக்கு இன்னா?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள். ஆறு மாதம் கழித்து அவன் ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தான். பெயின்ட் பிரிவில் எனக்குப் பக்கத்து இடம். ஆபரேஷன் விஷயம் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அடுத்த நாளே கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவன் போட வேண்டிய மாத்திரையின் கதை அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நம் உடம்புக்குள் ஒரு காவல் இருக்கிறது. ஐடி கார்டு இல்லாதவனை உள்ளே விடாத எங்கள் செக்யூரிட்டி மாதிரிதான். பாஞ்சாலி பாசத்தோடு கொடுத்த சிறுநீரகம் என்றெல்லாம் அதற்குத் தெரியாது. வெளி ஆள் என்று பார்த்தால் அடித்துவிடும். மாத்திரை அந்தக் காவலை அரைத்தூக்கத்தில் வைக்கிறது. தூக்கம் அதிகமானால் சளியும் காய்ச்சலும் உள்ளே புகுந்து விளையாடும். குறைந்தால் சிறுநீரகம் காலி. அதனால் மருந்து ரத்தத்தில் ஒரே அளவாக நிற்க வேண்டும். காலை எட்டு, இரவு எட்டு, ஆயுசு முழுக்க.

லைனில் நாங்கள் போடும் உடுப்பில் பாக்கெட்டே கிடையாது. நூல், தூசு, போன், மாத்திரை எதுவும் உள்ளே போகக் கூடாது. ஒருநாள் மதியம் தொடங்கும் பி ஷிஃப்டில் இரவு எட்டு மணிக்கு லாக்கருக்குப் போனவனை சூப்பர்வைசர் மடக்கினார்.

"இன்னா மாத்திரை அது?"

"கேஸ் டிரபிள் சார்."

அன்றைக்கு கம்பெனி பஸ்ஸில் என்னிடம் புலம்பினான். நான்தான் பெரிய மேதாவியாயிற்றே! "இதுக்கு ஏண்டா இவ்ளோ டென்ஷன்? வேலைக்குப் போவ பஸ் ஏறச்சொல்ல ஒண்ணு போடு, ஊட்டுக்கு வந்து எறங்கச்சொல்ல ஒண்ணு போடு. மறக்கவே மறக்காது" என்றேன்.

எங்களுக்கு அது சரியாகத்தான் பட்டது. எங்களுக்கு ஏது காலை, ஏது மாலை? தின்பது, குளிப்பது, தூங்குவது எல்லாமே ஏ, பி, சி கணக்குதான். வாரம் மாறினால் எல்லாம் மாறும், மாத்திரையும் மாறட்டும் என்று விட்டோம். காலை ஏ ஷிஃப்ட் முடித்து சனிக்கிழமை மதியம் மூன்றரைக்கு இறங்கி ஒன்று போடுவான். ஞாயிறு பஸ் இல்லை. அசந்து தூங்கி எழுந்து பகல் பதினொன்றரைக்கு அடுத்தது. இருபது மணி நேரம் இடைவெளி என்று இப்போது தெரிகிறது. அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு நாளைக்கு இரண்டு என்பதாகவே தெரிந்தது.

இரண்டு வருஷம் ஓடியது. கால் வீங்கியது. டாக்டர் ஒவ்வொரு முறையும் கேட்டார், மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா என்று. "ஒரு வேளைகூட வுட்டதில்ல சார்" என்றான். சத்தியமான வார்த்தை. கடைசியில் சிறுநீரகத்தில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்த பிறகுதான், எந்தெந்த நேரத்தில் என்று கேட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். பஸ் கதையைச் சொன்னான். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அந்த இடைவெளிகளில்தான் காவல் விழித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக அடித்திருக்கிறது. மூன்று நாள் பெரிய ஊசி போட்டார்கள். பலிக்கவில்லை. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். எனக்கு ஒரே ஆள் போதுமாக இருந்தது.

இப்போது வாரத்துக்கு மூன்று நாள் ஸ்ரீபெரும்புதூரில் டயாலிசிஸ். வேலை போய்விட்டது. போன ஞாயிறு பார்க்கப் போயிருந்தேன். பாஞ்சாலி உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தபோது, என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னான்: "பஸ் மேட்டர அவகிட்ட சொல்லிடாதடா. மருந்து சரியில்லன்னு நெனச்சிகினு கீறா. அப்டியே இருக்கட்டும்."

அவன் காப்பாற்றுவது என்னையா, தன்னையா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அவள் டீயை நீட்டிவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"டாக்டராண்ட கேட்டேன்ணா, எங்கிட்ட இன்னும் ஒண்ணு கீதே, அத்தயும் எடுத்து வச்சிடுங்கன்னு. அது ஒண்ணுதாம்மா உனக்குக் கீது, போம்மான்னு திட்டி அனுப்சிட்டாரு" என்றாள். பிறகு என் முகத்தையே பார்த்தாள். "நீங்க கூடவே இருந்தீங்களேண்ணா. அவரு வேளாவேளைக்குத்தானே போட்டாரு?"

"ஆமாம்மா" என்றேன்.