அம்மன் வாசலில் பாய்ந்த எங்கள் நாய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனால் அது காரணம் இல்லை. இது கோயில் வாசலில் நடந்த விஷயம். படிக்கிற யாராவது ஒருவர் எங்கள் அம்மனைக் குறைவாக நினைத்துவிட்டால் அந்தப் பாவம் என் பிள்ளைகள் தலையில் விடியும் என்று பயந்தேன். வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றும்போதெல்லாம், "தாயே, எழுதட்டுமா?" என்று கேட்பேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

போன மாதம் பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். திருப்பாலைவனத்தில் ஏறிய இரண்டு பேர் முன்சீட்டில் உட்கார்ந்து ஒரு கதை பேசினார்கள். குப்பத்து நாய் ஒன்று திருடனைக் காட்டிக்கொடுத்த கதை. அது என் வீட்டு நாய். அவர்கள் கதையில் அது வாய் திறந்து பேசியது. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் குப்பத்துக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பழவேற்காடு ஏரி. ஒரு மழைக்காலத்தில் ஏரிக்கரைச் சேற்றில் அரைகுறையாக வளர்ந்த ஒரு செவலைக் குட்டி நடுங்கிக்கொண்டு கிடந்தது. என் வீட்டுக்காரி அதைப் புடவைத் தலைப்பில் சுற்றி எடுத்து வந்தாள். வளர்ந்த பிறகும் அது யாரையும் பார்த்துக் குரைத்தது இல்லை. பூநாரை பார்க்கக் கேமராவோடு வரும் பட்டணத்து ஆட்கள், மீன் எடுக்க வரும் வியாபாரிகள், யாராக இருந்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு போய்க் காலடியில் படுத்துவிடும். "உன் நாய் திருடனுக்கு டார்ச் லைட் புடிக்கும்பா" என்று என் போட்டில் வருகிறவர்கள் கேலி செய்வார்கள். தேய்பிறை அஷ்டமி அன்று வீட்டுக்காரி அதன் நெற்றியில் குங்குமம் வைத்துத் தயிர்சோறு போடுவாள். பைரவர் வாகனம் இல்லையா. அதனால் ஊரில் அதற்கு ஒரு மரியாதை இருந்தது. பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்த மரியாதையும் ஒரு காரணம்.

என் ஃபைபர் போட்டுக்கு ஒரு ஆள் குறைந்தபோது, தெரிந்த நண்டு வியாபாரி ஒருவர் ஆந்திரா பக்கத்து ஏரிக்கரை ஊரிலிருந்து ஒருவனை அனுப்பினார். முப்பது வயசு இருக்கும், ஒல்லியான உடம்பு. தோளில் ஒரு கோணி மூட்டையோடு மணலில் நடந்து வந்தான். போட்டு நிழலில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது. நான் வழக்கம்போல வாலாட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் முதுகு மயிர் முழுக்கச் சிலிர்த்தது. மேலுதடு மடிந்து பல் தெரிந்தது. அதன் ஈறு கறுப்பு என்பதையே அன்றுதான் பார்த்தேன்.

"அண்ணா, நாயைப் பிடிங்க அண்ணா!" என்று அவன் மூட்டையை முன்னால் நீட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தான். அதற்குள் அது மூட்டையோடு சேர்த்து அவன் கையைக் கவ்விவிட்டது.

வீட்டுக்காரி ஓடி வந்து கழுத்தைப் பிடித்து இழுத்தாள். "இன்னாய்யா இது? நம்ம நாயா இது?" என்று கேட்டவள் குரலில் அழுகை இருந்தது.

கையில் கட்டுப் போட்டு, ஊசி போட்டுக் கூட்டி வந்தேன். பயந்து ஓடிவிடுவான் என்று நினைத்தேன், ஓடவில்லை. வலைக் கொட்டகையில் தங்கிக்கொண்டான். அந்தக் கோணிதான் அவனுக்குப் பை, படுக்கை, மழைக்குத் தலைமேல் குல்லாய் எல்லாம். வேலையில் நல்ல கை. ஆனால் அவன் கொட்டகையை விட்டு வெளியே வந்தால் நாய் உறுமும். கடலுக்குப் போய் உப்புத்தண்ணீரில் ஊறி வெறும் உடம்போடு இறங்கி வரும்போது மட்டும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். "பாத்தியா, கடல்ல முங்குனா பாவம் போவுது" என்று போட்டில் ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். இதைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை.

"போன ஜென்மத்துல அதுக்கு சோறு போடாம வுட்டியாபா?" என்று இன்னொருவர் வம்புக்கு இழுப்பார்.

"போன ஜென்மத்துல நானும் நாயே அண்ணா. பக்கத்துத் தெரு நாய்" என்பான் அவன்.

என் வீட்டுக்காரியை 'வதினா' என்று கூப்பிடுவான். தெலுங்கில் அண்ணி. "வதினா, இங்க ஒரு சின்ன வீடு பாத்துக் குடுங்க. பெண்டாட்டியும் பாப்பாவும் அவ அம்மா வீட்ல கிடக்குறாங்க. கூட்டி வந்துட்டா பாப்பாவ ஸ்கூல்ல போட்டுடுவேன்" என்று தினமும் நச்சரிப்பான். அவளும் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். கூரை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அம்மன் கோயில் வெண்கல மணி காணாமல் போனது.

யாரும் யாரையும் கைகாட்டவில்லை. ஒரு கிழவர் மட்டும் டீக்கடையில் சொன்னார், "வாயில்லா ஜீவன் வந்த அன்னிக்கே சொல்லிச்சி. நமக்குத்தான் புத்தியில்ல." பொழுது சாய்வதற்குள் அந்த ஒரு பேச்சு குப்பம் முழுக்கப் போய்விட்டது.

எங்கள் ஊரில் ஒருவன் மேல் சந்தேகம் வந்தால் போலீசுக்குப் போவதற்கு முன் பஞ்சாயத்து கூடும். ஊர்த் தலைவரை நாட்டார் என்போம். அம்மன் வாசலில் கற்பூரம் ஏற்றி, நான் எடுக்கவில்லை என்று சொல்லிக் கையால் அதை அணைத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சு இல்லை. அவன் நிரபராதி. எதிராளியே வெற்றிலை கொடுக்க வேண்டும்.

அவன் சந்தோஷமாகவே வந்தான். "அணைச்சுட்டு வர்றேன் அண்ணா, அதுக்கப்புறம் வீட்டு வேலைய ஆரம்பிச்சுடலாம்" என்றான். முதலில் மூட்டையைக் கொட்டச் சொன்னார்கள். இரண்டு லுங்கி, ஒரு சட்டை, சீப்பு, பெண்குழந்தை போடும் ஒரு ஜோடி புதுச் செருப்பு. மணி இல்லை. "சரி, எடுத்துக்கோ. வந்து சத்தியம் பண்ணு" என்றார் நாட்டார். எல்லாவற்றையும் திரும்பக் கோணியில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியருகே வந்தான். தட்டில் கற்பூரம் எரிந்தது. வலது கையை நீட்டினான்.

என் காலடியில் படுத்திருந்த நாய் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. அத்தனை பேரையும் தாண்டி, அம்மன் வாசலில், அவன் விலாவில்.

கூட்டத்திலிருந்து ஒரு குலவைச் சத்தம் எழுந்தது. "காட்டிட்டாடா! ஆத்தா காட்டிட்டா!" என்று யாரோ கத்தினார்கள். எனக்கும் உடம்பு புல்லரித்தது. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நாயைப் பிடித்து இழுத்தபோது அவன் கீழே கிடந்து என்னைப் பார்த்தான். "அண்ணா, கற்பூரத்த அணைக்க வுடுங்க. அத மட்டும் பண்ண வுடுங்க அண்ணா" என்றான்.

விடவில்லை. அதுதான் தெரிந்துவிட்டதே என்றார்கள். கற்பூரம் யார் கையும் படாமல் தானாக எரிந்து முடிந்தது. அவனை ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். விலாவைப் பிடித்துக்கொண்டு, அதே கோணியோடு, பழவேற்காட்டுப் பாதையில் நடந்து போனான். என் வீட்டுக்காரி அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. "அம்மன் சொன்னா சரிதான். ஆனா அவன் மூஞ்சி ஏன்யா எனக்குத் திருட்டு மூஞ்சியா தெரியல?" என்றாள்.

அதற்கடுத்த வாடைக் காலத்தில் புயல் வந்து கடலில் இறங்க முடியாமல் போனது. ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு இறால் பண்ணையில் அறுவடைக்குக் கூலி ஆள் எடுத்தார்கள், போனேன். பகலெல்லாம் இடுப்பளவு தண்ணீரில் நின்று இறால் வாரினோம். கிளம்பும்போது, மழை தூறியதால், கிடங்கு ஓரம் கிடந்த இறால் தீனிக் கோணி ஒன்றைக் கேட்டு வாங்கித் தலையில் போட்டுக்கொண்டேன். போட்டு எஞ்சினை மூடவும் ஆகும் என்று நினைத்தேன்.

வீட்டு வாசலில் கால் வைத்தேன். நாய் எழுந்தது.

அந்த முதுகு மயிர். அந்தக் கறுப்பு ஈறு. "டேய், நான்டா!" என்று சொல்லி முடிப்பதற்குள் என் கெண்டைக்காலில் பல் இறங்கிவிட்டது. நான் சோறு போட்டு வளர்த்த நாய். வீட்டுக்காரி கையிலிருந்த சொம்பைப் போட்டுவிட்டு, "ஐயோ, அதுக்கு வெறி புடிச்சிடுச்சி!" என்று அலறினாள். நான் தலையிலிருந்த கோணியை உதறி எறிந்துவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

நாய் என்னிடம் வரவில்லை. கோணியிடம் போனது. மண்ணில் சும்மா கிடந்த வெறும் கோணியைக் கவ்வி உதறியது, உறுமியது, மறுபடி கவ்வியது. கிழிகிற வரைக்கும் விடவில்லை. பிறகு என்னிடம் ஊர்ந்து வந்து, கடித்த இடத்தை நக்கிக்கொண்டே அழுதது. நாய் அழுவதை நான் பார்த்திருக்கிறேன், இப்படிப் பார்த்ததில்லை.

வீட்டுக்காரி கிழிந்த துண்டை எடுத்து மோந்து பார்த்தாள். "மீன் நாத்தம்தான அடிக்குது?" என்றாள். நானும் மோந்தேன். மீன் நாற்றம்தான். கருவாட்டுக்கு நடுவில் பிறந்து வளர்ந்த எங்கள் மூக்குக்கு அவ்வளவுதான் தெரியும். வெளியூர்க்காரன் ஒருவன் அன்றைக்கே இது வேறு வாடை என்று சொல்லியிருப்பான். துண்டில் அச்சடித்திருந்த நீல இறால் படத்தைப் பார்த்ததும் அவள் அதை என் பக்கம் நீட்டினாள். "அவன் கோணிலயும் இதே படம்தான்யா" என்றாள்.

மறுநாள் ஊசி போட்டுக்கொண்டு, நொண்டியபடியே பண்ணைக்குப் போனேன். அவன் முன்னால் இங்கே வேலை பார்த்தானா என்று கேட்டேன். வருகிறவன் போகிறவன் யாருக்கு ஞாபகம் என்றார்கள். கரை வெட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம், இங்கே நாய் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"இன்னா பண்றது? எறாவுக்கு சீக்கு வந்துடும்னு மேல இருக்கறவங்க சத்தம் போடுவாங்க. தீனிக் கோணில புடிச்சிப் போட்டு, வாயக் கட்டி ஏரில வுட்டுடுவோம்" என்றார். டீயில் சர்க்கரை கம்மி என்று சொல்வது போலத்தான் சொன்னார். சேற்றில் நடுங்கிக்கொண்டு கிடந்த அந்தக் குட்டி கண் முன்னால் வந்தது. அது அப்படித்தான் வந்ததா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. நாய் வாய் திறந்து சொல்லப்போவதில்லை.

மிச்சக் கோணியைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு, நாயோடு நாட்டார் வீட்டுக்குப் போனேன். அவர் முன்னாலேயே நாய்க்குக் காட்டினேன், பாய்ந்து கவ்வியது. பார்த்தார், முகம் வெளுத்தது. பிறகு சொன்னார், "கோணியப் பாத்துதான் பாஞ்சிச்சி, சரி. ஆனா அம்மன் வாசல்ல, கற்பூரத்துக்கு நேரா பாய வெச்சது யாரு? போய் வேலயப் பாருப்பா. ஊர்ல இன்னொரு பேஜாரு வேணாம்."

அன்றைக்குக் கோணியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இத்தனை வருடம் விளக்கு ஏற்றிய பிறகு இப்போது அவருக்குப் பதில் சொல்கிறேன். அவள் என் தாய். அவள் பொய் சொல்ல மாட்டாள். அன்று அவள் ஒன்றுமே சொல்லவில்லை. அவள் சொல்வதற்காக அவன் கை நீட்டினான், நாம் இடையில் புகுந்துவிட்டோம்.

நண்டு வியாபாரியிடம் அவன் நம்பர் வாங்கிப் போட்டுப் பார்த்தேன், போகவில்லை. அவன் ஊரில் விசாரித்தேன். பெண்டாட்டி பிள்ளையோடு எங்கோ வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். மணி இன்றுவரை கிடைக்கவில்லை. நாய்க்கு வயதாகிவிட்டது, இப்போதும் வருகிறவர் போகிறவர் காலடியில் படுத்துக்கொள்கிறது.

பஸ்ஸில் கேட்ட கதையில் நாய் மனுஷக் குரலில் பேசியது, கோணியிலிருந்து மணி உருண்டு விழுந்தது, அவன் ஊர் எல்லையில் ரத்தம் கக்கினான். இது எதுவும் நடக்கவில்லை. அவன் மகள் இப்போது பெரிய பிள்ளையாகியிருப்பாள். அந்தக் கதை அவள் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அதனால் இதைப் படித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். நாலு பேருக்கு இதைச் சொல்லுங்கள். என் தமிழில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். என் கடைசி நாளுக்குள் அவன் வந்தால் அம்மன் வாசலில் நானே கற்பூரம் ஏற்றித் தருகிறேன். அவன் கை அதை அணைக்கட்டும்.