எண்ணெய் குடித்த உறை

வெள்ளியங்கிரியின் ரிவால்வரைவிட அதன் உறைதான் காங்கேயத்தில் பேர்பெற்றது. ரிவால்வரை அவர் வெளியில் எடுத்து யாரும் பார்த்ததில்லை. எடுக்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை. உறையை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில், கூலிப் பணம் எடுத்து வர, தாராபுரம் ரோட்டிலிருந்த எண்ணெய் மில்லிலிருந்து மெட்டடோர் வேன் பேங்குக்குக் கிளம்பும். கேஷியர் பாலகோபாலுக்குப் பக்கத்தில் வெள்ளியங்கிரி ஏறி உட்காருவார். இடுப்பில் கரும்பழுப்புத் தோலுறை, அதன் மூடியில் பளபளவென்று ஒரு பித்தளைப் பொத்தான். களத்தில் கொப்பரை காயவைக்கும் பெண்கள் வேலையை விட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள்.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டக் கூலி செய்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். அவருடைய அப்பாவைப் பொடிப் பையன்கள்கூடப் பேர் சொல்லி, 'டா' போட்டுத்தான் கூப்பிடுவார்கள். மகன் பட்டாளத்துக்குப் போய், பென்ஷனோடு திரும்பி, லைசென்ஸ் எடுத்து, ரிவால்வர் வாங்கி, மில்லில் காவலுக்குச் சேர்ந்த பிறகு அதே மாதிரி ஆட்கள் "ஏனுங்க வெள்ளியங்கிரி" என்றார்கள். மரியாதை தனக்கா, இடுப்பில் தொங்கும் தோலுக்கா என்று அவர் ஆராயப் போகவில்லை. அந்த ஆராய்ச்சியெல்லாம் வயிறு நிறைந்தவர்கள் செய்வது. பட்டாளத்தில் அவர் இருந்தது சமையல்கட்டில். "எங்கூட்டுக்காரரு சுட்டதெல்லாம் சப்பாத்திதானுங்க" என்று மனைவி மெர்சி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். மனிதனை நோக்கித் துப்பாக்கி நீட்டியதே இல்லை என்பதை அவரும் மறைத்ததில்லை. யாராவது கேட்டால்தானே சொல்வதற்கு!

உறையைத் தைத்துக் கொடுத்தவர் கோட்டைமேட்டு அப்துல் கையூம். கொடுக்கும்போதே கறாராகச் சொல்லிவிட்டார்.

"வெயில்ல காயப்போட்டுராதீங்க. பொழுதுக்கும் துப்பாக்கிய உள்ளயே வெச்சுராதீங்க, துருப் புடிச்சுக்கும். தேன்மெழுகு தேய்க்கலாம், அதும் தொட்டும் தொடாம. எண்ணெ மட்டும் காட்டவே கூடாதுங்க. தோலு குடிச்சுக்கிட்டே இருக்கும். அப்புறம் பழந்துணி மாட்டம் தொங்கிப்போகும்."

எண்ணெய் மில்லில் வேலை பார்க்கிறவரிடம் எண்ணெய் படக்கூடாது என்றால் நடக்கிற காரியமா? வெள்ளியங்கிரி நடத்திக் காட்டினார். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் உறையைக் கழற்றுவார். பொத்தானைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு பிடித்தால் தீக்குச்சியில் துணியைச் சுற்றிப் பொறுமையாகத் தேய்த்து எடுப்பார். மெர்சியைக்கூடத் தொட விடமாட்டார். எத்தனை வருஷம் ஆகியும் உறை தளரவே இல்லை. உள்ளே ரிவால்வர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருப்பது போலவே விறைத்து நின்றது. அந்தப் பராமரிப்புதான் அவருக்கு எமனாக வந்தது.

தொண்ணூற்றாறில் எலெக்‌ஷன் வந்தது. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. வெள்ளியங்கிரி ஒப்படைத்துவிட்டு நேரே முதலாளியிடம் போனார்.

"எலெக்‌ஷன் முடியற வரைக்கும் துப்பாக்கி கெடைக்காதுங்க. பேங்குக்கு வேற ஏற்பாடு பண்ணோணுமுங்க."

முதலாளி காலி உறையைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மூடியைப் பொத்தானில் மாட்டி மேஜைமேல் வைத்தார்.

"இதப் பாத்தா உள்ளார ஒண்ணுமில்லீன்னு எவன் சொல்லுவான்? நீங்க பாட்டுக்குக் கட்டிக்கிட்டுப் போங்க. ஆராச்சும் கேட்டா நமக்கு விலக்குக் குடுத்திருக்காங்கன்னு சொல்லீருங்க. பாலகோபாலுக்குக்கூடத் தெரிய வேண்டாம். அவன் வாய் சும்மா இருக்காது."

வெள்ளியங்கிரி முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தார். "செரீங்க" என்று வந்தது.

காலி உறையைக் கட்டிக்கொண்டு பணத்துக்குக் காவல் போகிறவனின் பயம் கட்டிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். கேஷியரைத் திருடன் மிரட்டினால் போதும், பை வந்துவிடும். துப்பாக்கிக்காரனை அப்படி விட முடியாது. அவனை முதலில் தீர்த்தாக வேண்டும். வேனில் இருந்த எல்லாருக்கும் முன்னால் சாக வேண்டிய இடத்தில், கையில் ஒரு கம்புகூட இல்லாமல், வெள்ளியங்கிரி உட்கார்ந்திருந்தார். மில்லுக்கும் ஊருக்கும் நடுவில் ஆளரவமற்ற மேய்ச்சல் காடுகள். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கிளுவை வேலி. இத்தனை வருஷமாக அதை அவர் பொருட்படுத்தியதே இல்லை. இப்போது வேலிக்குப் பின்னால் ஒரு ஆடு அசைந்தாலும் முதுகில் வேர்த்து ஊற்றியது. பாலகோபாலோ சின்ன வயசுக்காரன், எப்போதும்போல் மடியில் பையை வைத்துக்கொண்டு, பிறந்த குழந்தை எப்படிக் கொட்டாவி விடுகிறது என்பதை நடித்துக் காட்டிக்கொண்டே வந்தான்.

அடுத்த சனிக்கிழமை பாலகோபால் பேங்குக்குள் இருந்தபோது, எதிர் டீக்கடையில் கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன் வெள்ளியங்கிரி பக்கத்தில் வந்து நின்றான்.

"ஏனுங்க, துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷன்ல வாங்கி வெச்சுக்கிட்டாங்கன்னு சொன்னாங்களே?"

"எங்குளுக்கு விலக்குங்க."

"அப்படீங்களா" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே உறையைப் பார்த்தான். வெறும் ஊர்வம்பாகவும் இருக்கலாம். வெள்ளியங்கிரிக்கு அப்படித் தோன்றவில்லை. மீதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதற்கடுத்த வாரம், பணத்தோடு திரும்பும்போது ஒரு மோட்டார் பைக் வேனை முந்தாமல் பின்னாலேயே வந்தது. வேன் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது. மில் கேட் கண்ணில் பட்டதும் வந்த வழியே திரும்பிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரன்தான் என்று அவர் மெர்சியிடம் சத்தியம் செய்தார். எல்லாவற்றையும் அன்றைக்குத்தான் அவளிடம் கொட்டினார். சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மெர்சி சர்ச்சிலிருந்து வந்தபோது அவர் பின்வாசலில் குந்தியிருந்தார். முன்னால் தேங்காயெண்ணெய் டின். அதற்குள் உறை மூழ்கிக் கிடந்தது.

"என்னங்க இது, ஊறுகா போடறீங்களா?"

"கெடுத்துப்போடலாம்னு இருக்கறேன் மெர்சி. தொங்கிப்போச்சுன்னா கட்டிக்கிட்டுப் போன்னு சொல்லமாட்டாங்கல்ல."

மெர்சிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மேலே மிதந்து வந்த வாரை விரலால் உள்ளே அமுக்கினாள். "தொலையட்டுமுங்க. உசுரு போனா எந்த ஊர்ல போய்த் தெச்சுக்கறது?"

வெள்ளியங்கிரிக்கு அழுகை வந்தது. பிள்ளை மாதிரி வளர்த்ததைத் தன் கையாலேயே மூழ்கடித்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

வெள்ளிக்கிழமை எடுத்துப் பார்த்தபோது கையூம் சொன்னது நடந்திருந்தது. தோல் கறுத்து, கனத்து, தொளதொளவென்று கிடந்தது. மூடியின் ஓட்டை அகண்டு பொத்தான் நிற்காமல் வழுக்கியது. துடைக்கத் துடைக்க எண்ணெய் கசிந்தது.

மறுநாள் காலையில் அதை முதலாளியின் மேஜைமேல் கொண்டுபோய் வைத்தார். முதலாளி ஓரத்தைக் கிள்ளிப் பார்த்தார். விரலை மோந்தார். ஆயுசு முழுக்க எண்ணெய் ஆட்டியவரிடம் மழையில் நனைந்துவிட்டது என்றா சொல்ல முடியும்?

"நம்ம மில்லு எண்ணெயா?"

"ஆமாங்க."

"தெரிஞ்சேதான் செஞ்சயா?"

இத்தனை வருஷம் சேர்த்த மரியாதை அந்த ஒரு கேள்வியில் போய்விட்டது. வெள்ளியங்கிரிக்கு அது சுருக்கென்று பட்டது. பட்டும், அவர் வாய் நிற்கவில்லை.

"பயமா இருக்குதுங்க. சாவறதுக்குப் பயமா இருக்குது."

முதலாளி உறையை அவர் பக்கம் தள்ளிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "எடுத்துக்கிட்டுப் போ. இன்னிக்குப் பாலகோபால் மட்டும் போயிட்டு வரட்டும்."

தப்பித்தோம் என்றுதான் இருந்தது. வெளியே வந்தால் வேன் கிளம்பத் தயாராக நிற்கிறது. பாலகோபால் அவருக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தான்.

"ஏறுங்ணா, நேரமாச்சு."

"நான் வரல தம்பி. நீ மட்டும் போயிட்டு வந்துரு."

"நானு மட்டுமா? விளையாடாதீங்ணா. ஊட்ல அவ தெனமும் பயந்து சாவறா. துப்பாக்கிக்காரரு கூடத்தான் போறேன்னு சொல்லித்தானுங்ணா சமாதானம் பண்ணீட்டு வாரேன்."

வெள்ளியங்கிரியால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. கையிலிருந்த உறையை நீட்டினார். பாலகோபால் மூடியைத் தூக்கி உள்ளே கைவிட்டான். விரல் அடிவரைக்கும் போனது. எண்ணெய் வழிந்த விரல்களை வெளியே எடுத்துப் பார்த்தான்.

"ரிவால்வரு?"

"ஸ்டேஷன்ல."

"எப்பருந்துங்ணா?"

"எலெக்‌ஷன் சொன்னதுலருந்து."

திட்டுவான், காறித் துப்புவான் என்று எதிர்பார்த்தார். அவனோ கடந்த சனிக்கிழமைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான் போலிருக்கிறது. முகம் வெளுத்துவிட்டது. "நான் பேசிச் சிரிச்சுக்கிட்டே வந்தனேங்ணா" என்றான்.

தன் உயிருக்குப் பயந்த பயத்தில், பக்கத்தில் உட்கார்ந்து வந்தவனுக்கும் ஒரு உயிர் இருக்கிறது என்று வெள்ளியங்கிரி ஒரு நாளும் நினைக்கவில்லை. அது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. உடம்பெல்லாம் கூசியது. கூசியதால் பயம் போய்விட்டதா என்றால் இல்லை. அந்தப் பயத்தோடேயே வேன் படியில் கால் வைத்து ஏறினார்.

"எறங்கிருங்ணா. உங்ககிட்டத்தான் ஒண்ணும் இல்லீங்களே."

"உங்கிட்ட மட்டும் என்ன இருக்குது?" என்று கதவைச் சாத்தினார்.

வேன் கேட்டைத் தாண்டியது. பாலகோபால் கொஞ்ச தூரம் போனதும் வெள்ளியங்கிரியின் கையைப் பிடித்துக்கொண்டான். எண்ணெய்ப் பிசுக்கில் கை வழுக்கியது. இன்னும் இறுக்கிப் பிடித்தான். வழியில் ஒன்றும் நடக்கவில்லை. பணத்தோடு திரும்பும்போதும் அப்படியே பிடித்திருந்தான். மில்லுக்குள் வந்து வேன் நின்று, டிரைவர் இறங்கிப் போன பிறகும், இரண்டு பேரும் கையை விடவில்லை.