எடை பார்க்கும் முன் இறங்கியவன்

என் மச்சினன் ஜெனோவைப் பற்றிப் புன்னைக்காயலில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "குதிரையில ஜெயிச்சிட்டு, ஜெயிச்சதக் காசுக்கு வித்துட்டு வந்தாம்லா, அவனா?" என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் ஒருத்தராவது பந்தயக் குதிரையைக் கண்ணால் பார்த்திருப்பார்களா என்றால் கிடையாது. நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பந்தய மைதானத்து வேலி ஓரத்தில் நின்றிருக்கிறேன். அவன் விற்கவில்லை. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. எழுதியாவது தொலைப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் ஜேசுபாதம். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். என் மனைவி ஆக்னஸின் தம்பிதான் ஜெனோ. என் மாமனார் செபாஸ்டின் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்துக் கடலுக்குப் போனவர்.

பதினான்கு வயதில் ஜெனோவின் எடை முப்பத்தொரு கிலோ. வலையை இவன் இழுத்தால் வலை இவனை இழுக்கும். "எனக்குப் பொறந்தது மவனா, நெத்திலியா?" என்று மாமா ஊர் கேட்கவே சொல்லுவார். அந்தச் சமயத்தில் ஒரு கல்யாணத்துக்காக எங்கள் பக்கம் வந்தார் எபனேசர். நாசரேத்துக்காரர், சென்னையில் பந்தயக் குதிரைகளைப் பழக்குகிற டிரெய்னர். படகு அலையில் எகிறிக் குதித்து வரும்போது, எதையும் பிடிக்காமல் முன்பக்கம் நின்றபடியே வந்த ஜெனோவைப் பார்த்திருக்கிறார்.

"இந்தக் காலும் இந்த எடையும் கடலுக்கு வீண் அண்ணாச்சி. என்கிட்ட விடுங்க, ஜாக்கி ஆக்கிக் காட்டுதேன்" என்று கேட்டார்.

மாமா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "மீனு புடிக்கத்தான் லாயக்கில்ல. குதிரையாவது புடிக்கட்டும், கொண்டு போங்க" என்றார். ஆக்னஸ் இன்றைக்கும் இதைச் சொல்லி அழுவாள்.

மாமா வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. படகு கரையில் முட்டியதும், மீனைத் தொடும் முன், யாரோடும் ஒரு வார்த்தை பேசும் முன், இறங்கி ஒரு பிடி மண்ணை எடுத்துக் கண்ணில் ஒற்றிச் சிலுவை போட வேண்டும். மாமாவின் அண்ணன் கடலோடு போன வருஷத்திலிருந்து அப்படி. மறந்துபோய் மீன் கூடையைத் தொட்டதற்காகச் சின்ன வயதில் ஜெனோ வாங்கிய அடியின் தழும்பு இன்னும் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது.

சென்னையில் முதல் நான்கு வருஷம் அவன் குதிரைச் சாணிதான் அள்ளினான். விடியும் முன் லாயத்தைக் கழுவி, குதிரையைத் தேய்த்து, நடக்கவிட்டு, பிறகு மெல்ல மெல்ல ஏறிப் பழகினான். ஜாக்கி என்றால் மினுமினுக்கிற சட்டை போட்டுக்கொண்டு பறக்கிறவன் என்று நாம் நினைக்கிறோம். வயிற்றைக் கட்டுகிற பிழைப்பு ஐயா அது! அரை கிலோ கூடிவிட்டால் பிளாஸ்டிக் சட்டை மாட்டிக்கொண்டு உச்சி வெயிலில் ஓட வேண்டும். பந்தயத்துக்கு முந்தின நாள் தண்ணீர்கூட வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பத்தான். ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்தபோது ஆக்னஸ் சீலா மீன் குழம்பு வைத்தாள். சட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "போதும்க்கா, நல்லாருக்கு" என்று எழுந்துவிட்டான். அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

பலனும் வந்தது, இல்லை என்று சொல்லக்கூடாது. இருபத்தைந்து வயதுக்குள் நாற்பத்தேழு பந்தயம் ஜெயித்தான். பேப்பரில் படம் வந்தது. புன்னைக்காயலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் குதிரை பெரிதாக இருந்தது, இவன் முகம் தபால்தலை அளவு. மணப்பாட்டில் ஷெர்லின் என்ற டீச்சருக்கு நிச்சயம் செய்து, மே மாதம் கல்யாணம் என்றும் முடிவானது. மாமா மட்டும் ஒரு பந்தயத்தைக்கூடப் போய்ப் பார்த்தது கிடையாது. "குதிரை ஓடுது, ஜெயிக்குது. இவன் மேல உக்காந்துருக்கான். இதுல இவன் கிழிச்சது என்ன?" என்பார்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்று ஜனவரியில் ஒரு பெரிய கோப்பைப் பந்தயம் வந்தது. பாண்டித்துரை என்கிற பணக்காரரின் பெண்குதிரையை ஓட்ட ஜெனோவைப் போட்டிருந்தார்கள். "ஒரே ஒரு தடவ வாங்கப்பா" என்று போனில் கெஞ்சினான். நான் லீவு போட்டு, மாமாவை முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏற்றிக் கூட்டிப்போனேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வேலிக் கம்பியைப் பிடித்தபடி, சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

கடைசி இருநூறு மீட்டர் வரைக்கும் ஜெனோ ஐந்தாவதாக வந்துகொண்டிருந்தான். அப்புறம் என்ன செய்தானோ, வெளிப்பக்கமாக அந்தக் குதிரை ஒவ்வொன்றாகத் தாண்டி வந்தது பாருங்கள்! குதிரையின் ஒரு கழுத்து நீள வித்தியாசத்தில் ஜெயித்தான். கூட்டம் கத்துகிறது. நானும் கத்துகிறேன். குதிரையை மெதுவாக்கித் திருப்பிக்கொண்டு வருகிறான், வேலி ஓரத்தில் அப்பா நிற்பதைப் பார்க்கிறான்.

நிறுத்தினான். குதித்தான். ஒரு பிடி மண்ணை அள்ளிக் கண்ணில் ஒற்றி, அப்பாவைப் பார்த்துக்கொண்டே சிலுவை போட்டான்.

"இறங்காதலே! இறங்காத!" என்று தூரத்திலிருந்து கையை ஆட்டிக்கொண்டு எபனேசர் ஓடி வந்தார். அவர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எனக்கு அப்போது விஷயம் தெரியாது. பிறகுதான் எபனேசர் விளக்கினார். பந்தயத்துக்கு முன்னால் ஜாக்கியைச் சேணத்தோடு எடை போடுவார்கள். முடிந்த பிறகும் போடுவார்கள். இரண்டும் ஒத்துவர வேண்டும். அதனால் ஜெயித்தவன் குதிரையிலேயே எடை அறைக்குப் பக்கத்திலுள்ள அடைப்புக்குப் போய், அங்கேதான் இறங்கலாம். நடுவழியில் இறங்கினாலோ வெளிப்பொருள் எதையாவது தொட்டாலோ தொலைந்தது. குறைந்த எடையைச் சரிக்கட்ட எவனாவது கையில் ஈயத்தைத் திணித்துவிடுவான் என்ற சந்தேகம். கால் மணி நேரத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், கோப்பை இரண்டாவது வந்த குதிரைக்கு. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, இவன் வாயில் போட்டதைத் தானே துப்பினான்.

பணம் கட்டியிருந்த கூட்டம் சும்மா விடுமா? செருப்பும் தண்ணீர் பாட்டிலும் பறந்தன. "தூத்துக்குடிக்காரன் வித்துட்டாண்டா!" என்று எவனோ ஒருத்தன் கத்தினான். அந்த ஒரு சத்தம்தான் ஐயா, பத்து வருஷமாக ஓயவில்லை.

விசாரணையில் ஏன் இறங்கினாய் என்று கேட்டார்கள். "எங்க வீட்டுப் பழக்கம் சார்" என்றிருக்கிறான். "நாற்பத்தேழு தடவை ஜெயித்தாயே, அப்போதெல்லாம் ஏன் இறங்கவில்லை?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். "அப்பல்லாம் எங்கப்பா வரல சார்" என்று சொல்லியிருக்கிறான். அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். காசு வாங்கியதற்குச் சாட்சி இல்லை. விதியை மீறியதற்காக மூன்று மாதம் ஓட்டக்கூடாது என்றதோடு முடித்தார்கள்.

மூன்று மாதம் கழித்து லைசென்ஸ் வந்தது, குதிரை வரவில்லை. பாண்டித்துரை முகத்துக்கு நேரே சொன்னார்: "தம்பி, நீ வித்திருந்தா ஒரு ரகம், விக்கலைன்னா அதைவிட மோசம். ஜெயிச்சதைக் கையில வச்சுக்கத் தெரியாதவன் எனக்கு எதுக்கு?" எபனேசர் மட்டும் இரக்கப்பட்டு நொண்டியும் சண்டியுமாகச் சில குதிரைகளைக் கொடுத்தார். அதில் ஒன்று மூன்றாம் வருஷம் இவனைத் தூக்கியடித்து இடுப்பை உடைத்தது. அத்தோடு ஜாக்கி ஜெனோ முடிந்தான்.

மணப்பாட்டு வீடு எப்போதோ நிச்சயத்தை முறித்துவிட்டது. "வித்தவன் வீட்டுக்குப் பொண்ணக் குடுக்க மாட்டோம்" என்று சொல்லி அனுப்பினார்கள். அதைவிடக் கேவலம், ஊருக்குத் திரும்பிய பிறகு இன்னொரு வீட்டிலிருந்து தரகர் வந்தான். "மாப்பிள்ளைகிட்ட பட்டணத்துப் பணம் பதுங்கிக் கெடக்குன்னு கேள்விப்பட்டோம்" என்று பல்லைக் காட்டினான். "அப்படி ஒண்ணும் இல்ல" என்று ஜெனோ சொன்னதும் ஆள் காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்துவிட்டான். பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள். இங்கே கள் என்று நினைத்துப் பங்கு கேட்கவே வந்துவிட்டார்கள்!

முத்தையாபுரம் பக்கம் உப்பு லாரிகளை எடை போடுகிற மேடையில் அவனுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தேன். அவனைக் கொண்டுபோய் எடை மேடையிலேயே உட்கார்த்தி வைத்தேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வேறு வேலை அப்போது கிடைக்கவில்லை. அவன் எங்கள் வீட்டிலேயே தங்கி வேலைக்குப் போனான். வயிறு நிறையச் சாப்பிட்டான், எழுபது கிலோ ஆனான்.

ஊர் வாய்க்கு மூடி ஏது? ஆனால் ஒரு ஆள் மட்டும் ஜெனோவுக்காக நின்றார். வேறு யாரும் இல்லை, என் மாமாதான். "எம் மவன் வித்தான்னு சொல்லுத வாயில மண்ண அள்ளிப் போடுவேன்" என்று டீக்கடையில் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். ஐஸ் வியாபாரி மாசானத்தின் பல்லையே உடைத்துவிட்டு ஒருநாள் முழுக்க ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார். அதைக் கேட்டு ஜெனோ அழுதுவிட்டான்.

"ஊரு நம்பாட்டா போவட்டும் அத்தான். அப்பா அன்னைக்கு நேர்ல பாத்தாருல்லா. அவருக்குத் தெரியும். எனக்கு அது ஒண்ணு போதும்" என்றான்.

அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் அவன் இத்தனை வருஷமும் தலை நிமிர்ந்து ஊருக்குள் நடந்தான். அவனிடம் வேறு என்ன இருந்தது, சொல்லுங்கள்?

இரண்டாயிரத்து இருபத்து மூன்று டிசம்பரில் வந்த வெள்ளம் எல்லாருக்கும் தெரியும். தாமிரபரணி புன்னைக்காயலுக்குள் புகுந்து வெளியேறியபோது மாமாவின் படகு, எஞ்சின், வலை எதுவும் மிஞ்சவில்லை. நாலாவது நாள் அரிசியும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு நானும் ஜெனோவும் போனோம். ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். மாமா எங்களைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கூட்டிப்போனார்.

"ஏலே ஜெனோ," என்றார். "படகு போயிட்டு. இனி மறைச்சு வச்சு என்னத்துக்கு? அதை எடு."

"எதைப்பா?"

"அன்னைக்குக் குதிரைய விட்டு எறங்குனதுக்குக் குடுத்தாம்லா, அதை."

ஜெனோ என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். "நான் வாங்கலப்பா. உங்களுக்குத் தெரியும்லா. நீங்கதானே ஊரெல்லாம் சண்டை போட்டீங்க."

"அது ஊருக்குச் சொன்னதுலே. ஊருக்குச் சொன்னதையே எனக்கும் சொல்லுதியே! எனக்கு அன்னைக்கே தெரியும். எம்புட்டு அழகா நடிச்ச! மண்ண எடுத்து, கண்ணுல ஒத்தி, என்னையே பாத்துச் சிலுவையும் போட்டு... ஒருத்தனுக்கும் சந்தேகம் வரக்கூடாதுன்னுதான என்னை அம்புட்டுத் தூரம் கூப்பிட்ட?"

"மாமா, வாயைக் கழுவுங்க! அவன் உங்களைப் பாத்துத்தான் இறங்குனான். உங்களாலதான் அவன் வாழ்க்கை போச்சு!" என்று கத்தினேன்.

அவர் என்னைப் பொருட்படுத்தவே இல்லை. மகனை மட்டும் பார்த்தார். முகம் ஒரு மாதிரி சுருங்கிப்போயிற்று. "ஒத்த ரூவாகூட வாங்கலியாலே? சும்மாவா எறங்குன? கையில வந்ததச் சும்மாவா விட்ட? அவ்வளவு கூறு கெட்டவனையா நான் பெத்தேன்?"

ஜெனோ தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். இடுப்பு உடைந்ததிலிருந்து அவனால் ரொம்ப நேரம் நிற்க முடியாது. பிறகு நிதானமாகச் சொன்னான்: "வாங்குனேம்ப்பா."

"ஏலே மாப்ள!" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க அத்தான். வாங்குனேம்ப்பா. நெறையவே வாங்குனேன். ஆஸ்பத்திரிக்கும் குடிக்கும் எல்லாம் அழிஞ்சிட்டு. ஒண்ணும் இல்ல."

இவன் வாயில் ஒரு சொட்டு சாராயம் பட்டது கிடையாது. மாமா அவனைக் கன்னத்தில் ஒரு அறை விட்டார். பிறகு அதே கையை அவன் தோளில் போட்டுச் சிரித்தார். "போவட்டும், போனது போவட்டும். நானும் என்னமோன்னு நெனச்சிட்டேன். எம் மவன் கிறுக்கன் இல்ல" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மாசானம் வந்து எங்களை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அவர்கள் எல்லாரும் சொன்னது சரிதான் என்று ஆகிவிட்டது, அதுவும் இவன் வாயாலேயே.

திரும்பும் வழியில் பைக்கை நிறுத்தி அவன் சட்டையைப் பிடித்தேன். "ஏன்லே பொய் சொன்ன? பத்து வருசம் காப்பாத்துனதை ஒரு நிமிசத்துல ஏன்லே தொலைச்ச?"

அறை வாங்கிய கன்னம் இன்னும் சிவந்திருந்தது. அவனுக்குக் கோபம்கூட வரவில்லை.

"அத்தான், தோள்ல கை போட்டுட்டுச் சிரிச்சாரே, பாத்தீங்களா?" என்றான். "நான் ஜெயிச்சன்னைக்குக்கூட அவர் அப்படிச் சிரிக்கல."